குஸ்லே: பாடுவதற்கு ஒரு தந்தி, உரிமை கொண்டாடப் பல கைகள்

செர்பிய மொழியில் ‘குஸ்லாதி’ என்றொரு வினைச்சொல் உண்டு. குஸ்லே என்னும் கருவியை இசைப்பது என்பது அதன் நேர்ப்பொருள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சலிப்பூட்டுகிறவரைக் கேலி செய்வதற்கும் பேச்சுவழக்கில் அதே சொல்லைத்தான் எடுக்கிறார்கள். அந்தக் குஸ்லேயை மீட்டிக் காவியம் பாடும் மரபை, செர்பிய அரசு முன்மொழிய, யுனெஸ்கோ 2018இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளுக்கான பட்டியலில் சேர்த்தது. வீட்டில் கிண்டலுக்கும் உலக அவையில் பெருமைக்கும் ஒரே கருவி ஆளாகியிருப்பதில் பொருள் இருக்கிறது. இன்றைய செர்பியாவில் இந்தக் காவியப் பாடல்களைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறவர்களைவிட, அவற்றைச் சான்றாகவும் சின்னமாகவும் எடுத்துக்காட்டுகிறவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறியாமல், இம்மரபு நவீன சமூகத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இயலாது.

முதலில் கருவி. பெரும்பாலும் மேப்பிள் மரத்தைக் குடைந்து செய்த கிண்ணம் போன்ற உடல், அதன் வாயில் இழுத்துக் கட்டிய விலங்குத் தோல், நீண்ட கழுத்து, அதன் நுனியில் ஆட்டின் தலையோ குதிரையின் தலையோ வல்லூறோ செதுக்கப்பட்டிருக்கும். தந்தி ஒன்றே ஒன்றுதான். குதிரை வால் மயிர்கள் பலவற்றைச் சேர்த்து உருவாக்கியது. வளைந்த வில்லும் குதிரை மயிரால் ஆனதே. பாடகர் அமர்ந்து, கருவியை மடியில் நிறுத்தி, தந்தியைக் கழுத்தோடு சேர்த்து அழுத்தாமல் விரல்களால் மெல்லத் தொட்டு வாசிக்கிறார். நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும் குறுகிய வீச்சு. பியானோவின் சுருதி இடைவெளிகளோடு அது பொருந்துவதும் இல்லை. தொண்டையை இறுக்கிப் பாடும் குரல் ஏறத்தாழ அதே சுரங்களில் தந்தியோடு இழைந்து செல்லும். இனிமையை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாந்துதான் போவார். இங்கே இசை கதையைச் சுமக்கும் வண்டி மட்டுமே.

கதை நடக்கும் அடி ‘தெசெதெராத்ஸ்’ எனப்படும் பத்தசை அடி. ஒவ்வோர் அடியிலும் பத்து அசைகள். நான்காம் அசைக்குப் பின் ஒரு சிறு நிறுத்தம். பிறகு ஆறு அசைகள். ‘நான்கு – ஆறு’ என்ற இந்த ஓட்டம் பழகிவிட்டால், ஒரு பாடகர் மணிக்கணக்கில் நிற்காமல் பாட முடியும். பாடுபொருள் வீரமும் இழப்பும். 1389இல் கொசோவோ வயல்வெளியில் இளவரசர் லாசரின் படைக்கும் சுல்தான் முராதின் ஒட்டோமன் படைக்கும் நடந்த போர்தான் இவற்றுள் நடுநாயகமான கதைத்தொகுதி. அப்போரில் லாசரும் முராதும் இருவருமே மாண்டார்கள். செர்பிய அரசு அன்றே அழிந்துவிடவில்லை. ஒட்டோமன்களுக்குக் கப்பம் கட்டும் நிலைக்குத் தாழ்ந்து, 1459இல் ஸ்மெதெரெவோ கோட்டை விழும் வரை ஏதோவொரு வடிவில் நீடித்தது. பாடல்களிலோ அந்த எழுபது ஆண்டுகளும் மறைந்து, எல்லாம் ஒரே பகலில் முடிந்துபோகின்றன.

இப்பாடல்கள் நம் கைக்கு வந்த விதம் ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. 1804இல் எழுந்த முதல் செர்பியக் கிளர்ச்சி 1813இல் நசுக்கப்பட்டபோது, பலர் சாவா ஆற்றைக் கடந்து ஆஸ்திரியப் பேரரசின் எல்லைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களுள் தர்ஷிச் கிராமத்தைச் சேர்ந்த வூக் கராஜிச் என்ற ஊனமுற்ற காலுடைய இளைஞரும் ஒருவர். வியன்னாவில் தணிக்கை அதிகாரியாக இருந்த ஸ்லோவேனிய மொழியறிஞர் யெர்னெய் கோபிதார் ஊக்கமூட்ட, 1814இல் வூக் தம் முதல் நாட்டுப்பாடல் தொகுப்பை வெளியிட்டார். அதற்குப் பின் அவர் தேடிப் பிடித்த பாடகர்களில் பலரும் அதே தோல்வி துரத்திவந்த அகதிகளே. பெரியம்மையால் சிறுவயதிலேயே பார்வை இழந்த பிலிப் விஷ்னிச்சை 1815இல் ஷிஷாதோவாத்ஸ் மடத்தில் சந்தித்து அவருடைய பாடல்களை எழுதினார். கிளர்ச்சியின் தொடக்கத்தைப் பற்றி விஷ்னிச் பாடிய நெடும்பாட்டு, அது நடந்து பத்தாண்டுகளே ஆகியிருந்த அண்மைக்கால வரலாற்றை, பழங்கதைக்குரிய அதே அடியில் சொல்கிறது.

அந்தப் பாடகர்களைப் பற்றி வூக் எழுதிவைத்த குறிப்புகள், பாடல்களுக்கு ஈடாகச் சுவையானவை. தெஷான் போத்ருகோவிச் வழிப்பறி வீரராக வாழ்ந்தவர். குஸ்லே மீட்டிப் பாடமாட்டார், புத்தகத்திலிருந்து படிப்பதுபோல் சொல்லிச் செல்வார். அவர் சொன்ன கதைகளில் நகைச்சுவை ததும்பும், ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு வராது. முதியவர் மிலியாவின் தலையில் வாள்வெட்டுத் தழும்புகள் இருந்தன. பிளம் சாராயம் ஊற்றாமல் அவர் வாய் திறப்பதில்லை. பாடத்தான் தெரியுமே தவிர, எழுதிக்கொள்வதற்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்திச் சொல்ல வராது. நான்கே பாடல்களை எழுதி முடிக்கப் பதினைந்து நாள்களுக்கும் மேல் பிடித்தன. அந்த நான்கில் ஒன்றான ‘பானோவிச் ஸ்த்ராஹின்யா’ செர்பியக் காவியங்களில் மிக உயர்ந்ததாக மதிக்கப்படுகிறது: எதிரியோடு சேர்ந்துகொண்டு தன்னையே வெட்ட முனைந்த மனைவியை, அவள் சகோதரர்கள் கொல்ல எழும்போது, தடுத்து மன்னித்துவிடுகிற ஒரு வீரனின் கதை அது. கொசோவோத் தொகுதியின் தலையாய பாடல்கள் சிலவோ, க்ர்குரெவ்த்ஸி என்ற ஊரைச் சேர்ந்த பார்வையற்ற பெண் ஒருவரிடமிருந்து கிடைத்தவை. ஊர்ப்பெயர் தங்கியது, அவர் பெயர் தங்கவில்லை.

மிலியாவின் அந்தக் கதையை ஒரு காரணத்தோடுதான் குறிப்பிட்டேன். பின்னாளில் இப்பாடல்கள்மீது ஏற்றப்பட்ட ஒற்றைக் குரல் அவற்றின் உள்ளே இருந்ததில்லை. மார்கோ க்ரால்யெவிச் என்ற மாபெரும் நாயகனையே எடுத்துக்கொள்வோம். வரலாற்று மார்கோ பிரிலெப் பகுதியை ஆண்ட, சுல்தானுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசன். 1395இல் ரோவினே போரில் ஒட்டோமன் பக்கம் நின்று இறந்தவன். பாடலில் வரும் மார்கோவும் சுல்தானுக்குப் பணிகிறவன்தான், ஆனால் சுல்தானைச் சுவர்வரை பின்வாங்க வைக்கிறவன். தான் பாதி குடித்து, தன் குதிரை ஷாரத்ஸுக்குப் பாதி மதுவை ஊட்டுகிறவன். ‘கொள்ளையும் சண்டையும் போதும், ஏர் பிடித்து உழு’ என்று தாய் சொன்னதற்கு, வயலை விட்டுவிட்டுச் சுல்தானின் நெடுஞ்சாலையை உழுகிறான். அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள் தங்கள் நிலையைத் தாங்களே பார்த்துச் சிரித்துக்கொண்ட சிரிப்பு அது.

விஷ்னிச்சின் கிளர்ச்சிப் பாட்டிலும் எதிர்பாராத ஓர் இடம் உண்டு. கொசோவோவில் சாகக் கிடக்கும் சுல்தான் முராத், குடிமக்களிடம் கடுமை காட்ட வேண்டாம், வரியை அளவோடு வாங்குங்கள், அவர்கள் வழிபாட்டில் தலையிட வேண்டாம் என்று தன் ஆட்களுக்கு அறிவுரை சொல்கிறான். அவ்வறிவுரையைப் பின்வந்த கொடுங்கோலர்கள் மீறியதாலேயே கிளர்ச்சி வெடித்தது என்பது பாடலின் வாதம். எதிரியின் வாயில் நீதியை வைத்துப் பாடும் துணிவு, கிளர்ச்சியில் எல்லாவற்றையும் இழந்து எல்லை கடந்த ஒரு பார்வையற்ற பாடகருக்கு இருந்தது. அவர் பெயரைச் சொல்லிப் பின்னாளில் மேடையேறிய பலருக்கு அது இருக்கவில்லை.

வூக்கின் தொகுப்புகள் ஐரோப்பாவில் பெரும் வரவேற்பைப் பெற்றன. ஜெர்மானிய மொழியறிஞர் யாகோப் கிரிம் அவற்றைக் கொண்டாடினார். கவிஞர் கதே ஆர்வம் காட்டினார். ஸ்கதார் கோட்டை எழும்புவதற்காக ஓர் இளந்தாயை உயிரோடு சுவரில் வைத்துக் கட்டும், முதியவர் ராஷ்கோ பாடிய கதை, கிரிம்மை வியக்கவைத்தது. கதேயை அதன் கொடூரம் அருவருக்கச் செய்தது. ஆனால் வெளியுலகப் புகழைவிட உள்நாட்டில் நடந்ததே நீண்டகால விளைவு உடையது. அதுவரை செர்பியர்களின் எழுத்துமொழி திருச்சபை ஸ்லாவியமும் ரஷ்யமும் கலந்த, மக்கள் நாவிலிருந்து விலகிய நடையாக இருந்தது. வூக் தம் இலக்கணத்துக்கும் 1818இல் வெளிவந்த அகராதிக்கும் கிராமத்துப் பேச்சையும் இந்தப் பாடல்களின் மொழியையும் அடித்தளமாக்கினார். ஆகவே குஸ்லேயைக் காதால் கேட்க விரும்பாத பெல்கிரேட் நகரவாசிகூட, தன் செய்தித்தாளையும் கடிதத்தையும் குஸ்லே பாடகர்களின் மொழியிலிருந்து எழுந்த மொழியிலேயே படிக்கிறார். நவீன சமூகத்தில் இக்காவியங்களின் பங்கு என்ன என்ற கேள்விக்கு, யாரும் கவனிக்காத, ஆனால் மிக உறுதியான விடை இதுவென்றே கருதுகிறேன்.

இரண்டாவது பங்கு, உலகம் இலக்கியத்தைப் புரிந்துகொள்ளும் முறையையே மாற்றியது. ஹோமரின் காவியங்கள் எவ்வாறு உருவாயின என்ற பழங்கேள்விக்கு விடை தேடி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் களப்பணி செய்தார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் துணையிருந்தார். அலுமினியத் தட்டுகளில் பாடல்களைப் பதிவுசெய்தார்கள். மாண்டினீக்ரோவின் பியெலோ போல்யே நகரில் அவர்கள் கண்டெடுத்த அவ்தோ மெஜெதோவிச், எழுதப் படிக்கத் தெரியாத இறைச்சிக் கடைக்காரர், முஸ்லிம். 12,000 அடிகளுக்கு மேல் நீளும் ஒரே காவியத்தை அவர் பல நாள்களில் சொல்லி எழுதவைத்தார். பாரி அவரிடம் ஒரு சோதனை செய்தார். அவ்தோ அதுவரை கேட்டிராத ஒரு கதையை வேறொரு பாடகரைக் கொண்டு அவர்முன் பாடவைத்தார். அது 2,294 அடிகள் வந்தது. முடிந்ததும் அவ்தோவிடம் அதே கதையைப் பாட முடியுமா என்று கேட்டார். அவ்தோ பாடினார்: 6,313 அடிகள். முன்னவர் விட்டுச்சென்ற ஆடை அணிகலன்கள், குதிரைகளின் அலங்காரம், மாந்தரின் மனக்கலக்கம் எல்லாம் அதில் நிரம்பியிருந்தன.

இதிலிருந்து பாரியும் லார்டும் வந்தடைந்த முடிவு, மரபுவழிப் பாடகர் மனப்பாடத்தை ஒப்பிப்பவர் அல்லர் என்பதாகும். அசைக்கணக்குக்குப் பொருந்தும் ஆயத்தத் தொடர்களும், விருந்து, தூது, படைதிரட்டல் போன்ற பழகிய நிகழ்ச்சி அமைப்புகளும் அவர் கையில் இருக்கின்றன. அவற்றைக்கொண்டு கேட்போரின் பொறுமைக்கும் இரவின் நீளத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு முறையும் பாடலைப் புதிதாகக் கட்டுகிறார். ரமலான் மாதத்து இரவுகளில் காப்பிக் கடைகளில் நாளுக்கொரு கதை பாடவேண்டிய தேவை முஸ்லிம் பாடகர்களுக்கு இருந்ததும், அவர்களுடைய பாடல்கள் அவ்வளவு நீண்டதற்கு ஒரு காரணம். லார்ட் 1960இல் வெளியிட்ட நூல் இக்கோட்பாட்டை உலகெங்கும் பரப்பியது. அந்த அலை தமிழையும் தொட்டது என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி, பாணர் மரபையும் சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களையும் இதே கோட்பாட்டின் துணையோடு ஆராய்ந்து, தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய தம் ஆங்கில நூலை 1968இல் வெளியிட்டார். அவர் முடிவுகளை எல்லோரும் ஏற்கவில்லை. சங்கப் புலவர்கள் எழுத்தறிவுடையவர்கள், அவர்களின் செறிந்த சிறு பாடல்களை வாய்மொழிக் காவியத்தோடு ஒப்பிட இயலாது என்ற மறுப்பு வலுவானது. ஆயினும் பியெலோ போல்யே இறைச்சிக் கடைக்காரரின் குரல் புறநானூறு பற்றிய விவாதம்வரை வந்து சேர்ந்தது.

பாரியின் ஆய்வு ஒரு முரணையும் வெளிச்சமாக்கியது. அவர் தேடியது புத்தகம் தீண்டாத பாடகர்களை. ஏனெனில் வூக்கின் அச்சுத் தொகுப்பு பரவிய இடங்களில் பாடகர்கள் அதைப் படித்து மனப்பாடம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். மரபைக் காத்த அச்சே அதன் இயங்குமுறையை நிறுத்தியது. ஒரு பாட்டுக்கு ‘சரியான’ வடிவம் என்று ஒன்று வந்துவிட்டால், அதிலிருந்து விலகுவது பிழையாகிவிடுகிறது. இன்று மேடையேறும் குஸ்லே பாடகருக்கு அடி மறந்துபோகுமோ என்ற அச்சம் இருக்கலாம். அவ்தோவுக்கு மறப்பதற்கென்று ஓர் அடி இருந்ததில்லை.

மாறாத வடிவம் கிடைத்த பாடல் பள்ளிப் பாடமாகும், கல்வெட்டாகும், உறுதிமொழியாகும். கொசோவோத் தொகுதிக்கு நடந்தது அதுவே. பாடலின்படி, எருசலேமிலிருந்து பறந்துவரும் சாம்பல்நிற வல்லூறு லாசரிடம் ஒரு கேள்வியைக் கொண்டுவருகிறது: மண்ணுலக அரசா, விண்ணுலக அரசா? நிலையற்றதை விட்டு நிலையானதை அவர் தேர்ந்தெடுக்கிறார். மிலோஷ் ஒபிலிச், தன்மீது சுமத்தப்பட்ட துரோகப் பழியைத் துடைக்கச் சுல்தானைக் கொல்கிறான். வூக் பிரான்கோவிச் காட்டிக்கொடுக்கிறான். இந்த மூன்று வார்ப்புகளும், அதாவது தியாகி, வீரன், துரோகி என்பவை, செர்பிய அரசியல் பேச்சில் இன்றுவரை புழங்குகின்றன. வரலாற்று பிரான்கோவிச் துரோகம் செய்ததற்குச் சான்றில்லை; போருக்குப் பின்னும் ஒட்டோமன்களை எதிர்த்து நின்று தன் நிலங்களை இழந்தவர் அவர். பாட்டு கொடுத்த பட்டம் ஆறு நூற்றாண்டுகளாக நிற்கிறது; சமரசம் பேசுகிற அரசியல்வாதியைத் தாக்க இன்றும் அந்தப் பெயரையே எடுக்கிறார்கள்.

போர் நடந்த நாளான விதோவ்தான், புதிய நாள்காட்டியில் ஜூன் 28. அந்நாளைத் தொடர்ந்து வந்தால் பால்கன் வரலாற்றின் பாதியைச் சொல்லிவிடலாம். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டது அன்றுதான். 1953இல் கொசோவோ போர்க்களப் பகுதியான காசிமெஸ்தானில் எழுப்பிய நினைவுக் கோபுரத்தில், போருக்கு வராதவன்மீது லாசர் இட்டதாகப் பாடல் சொல்லும் சாபம் பொறிக்கப்பட்டது. கட்டியது கம்யூனிஸ்ட் அரசு என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் படையினர் தம் போர்களைக் குஸ்லேயில் பாடியதுபோலவே, அவர்களை எதிர்த்த, மன்னராட்சியை ஆதரித்த செர்பியப் படையினரான செத்னிக்குகளும் தம் தலைவர்களைப் பாடினார்கள். பத்தசை அடிக்குக் கட்சி கிடையாது. யூகோஸ்லாவியாவில் கென்னடி கொலைகூட அந்த அடியில் பாட்டாயிற்று.

1989இல் போரின் 600ஆம் ஆண்டு நிறைவுநாளில், அதே காசிமெஸ்தானில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் செர்பியத் தலைவர் ஸ்லோபோதான் மிலோஷெவிச் பேசினார். ஆயுதப் போர்களையும் விலக்கிவிட முடியாது என்ற குறிப்பு அவ்வுரையில் இருந்தது. யூகோஸ்லாவியா உடைந்தபோது தொடர்ந்து வந்த போர்களில், படைத்தலைவர்களைப் புகழும் புதிய குஸ்லே பாடல்கள் ஒலிநாடாக்களில் விற்றன. போஸ்னிய செர்பியர்களின் தலைவர் ராதோவான் கராஜிச், பாடல்களைத் தொகுத்த வூக் கராஜிச்சோடு தமக்கு உறவுமுறை உண்டென்று சொல்லிக்கொண்டவர். தர்ஷிச்சில் உள்ள வூக்கின் வீட்டில் குஸ்லே மீட்டும் அவரது காட்சி 1992இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தேடப்பட்ட அவர், போலிப் பெயரும் வெண்தாடியுமாக மாற்று மருத்துவர் வேடத்தில் பெல்கிரேடில் ஒளிந்திருந்து, 2008இல் பிடிபட்டார். அவ்வாறு ஒளிந்திருந்த நாள்களிலும் அங்குள்ள சிறு மதுக்கடை ஒன்றில் குஸ்லே வாசித்திருக்கிறார் என்று பிறகு தெரியவந்தது. தி ஹேக் நீதிமன்றம் 2016இல் விதித்த 40 ஆண்டுச் சிறைத்தண்டனை, 2019இல் ஆயுள் தண்டனையாக உயர்த்தப்பட்டது.

இந்த வரலாற்றைக் கண்டு, குஸ்லேயே வன்முறையின் கருவி என்று கருதும் போக்கு நகர்ப்புற செர்பியர்களிடையேயும் வெளிநாட்டு எழுத்தாளர்களிடையேயும் உண்டு. அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. மனைவியை மன்னித்த ஸ்த்ராஹின்யாவும் சாலையை உழுத மார்கோவும் வரிக்கு வரம்பு சொன்ன முராதும் போர்க்கால ஒலிநாடாக்களுக்குள் நுழையவில்லை. தேர்ந்தெடுத்தவர்களின் தேவைக்கு ஏற்ப மரபு சுருக்கப்பட்டது. அதே சமயம், மரபின்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை என்று தப்பித்துக்கொள்ளவும் முடியாது. பழிதீர்ப்பைப் புகழும் பாடல்களும், வெட்டிய தலைகளை எண்ணிக் களிக்கும் அடிகளும் அத்தொகுப்புகளில் ஏராளம். தேடிப்போனவர்களுக்குத் தேடியது கிடைத்தது.

குஸ்லே யாருடையது என்ற பூசலும் ஓயவில்லை. மாண்டினீக்ரோவில் அது தேசிய அடையாளம். ஹெர்செகோவினாவிலும் டால்மேஷியாவின் உள்நாட்டுப் பகுதிகளிலும் குரோவாசியர்கள் பாடுகிறார்கள். அல்பேனியர்களிடம் ‘லஹுதா’ என்ற பெயரில் அதே ஒற்றைத் தந்திக் கருவி, கொசோவோவைப் பற்றிய வேறு கதைகளைப் பாடுகிறது. செர்பியாவுக்குள்ளேயே மலைப்பாங்கான தென்மேற்குதான் அதன் வேர்நிலம். கிழக்குச் செர்பியக் கிராமத்தாருக்குத் துருத்திக்குழலும் புல்லாங்குழலுமே பழகியவை. மலைகளிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்தவர்கள்தான் பெருமளவுக்குக் கருவியை உடன் கொண்டுவந்தார்கள். தேசம் முழுமைக்கும் உரியதாகச் சொல்லப்படும் ஓசை, உண்மையில் ஒரு நிலப்பகுதியின் ஓசை.

இன்று அது வாழுமிடங்கள் குஸ்லே சங்கங்கள், ஆண்டுதோறும் நடக்கும் போட்டிகள், குடும்பப் புனிதர் நாளான ‘ஸ்லாவா’ விருந்துகள், புலம்பெயர்ந்தோரின் மன்றங்கள், யூடியூப். சிறுவர்கள் மூத்த பாடகரின் எதிரே அமர்ந்து, அவர் விரலைப் பார்த்து, அவர் குரலைப் பின்பற்றிக் கற்கிறார்கள். பாடப்படுபவை வூக்கின் தொகுப்பிலிருந்து வந்த பழம்பாடல்களும், எழுத்தில் இயற்றப்பட்ட புதுப்பாடல்களும். நிகழ்ச்சிகளின் நேரம் கருதி நெடும்பாடல்களைச் சுருக்கிப் பாடுவது வழக்கமாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளோ குஸ்லே ஒலியே இல்லாமல், அச்சிட்ட பக்கத்தில் கொசோவோப் பாடல்களைச் சந்திக்கிறார்கள். தேர்வுக்காகச் சில அடிகளை நெட்டுருப் போடுகிறார்கள்.

ஒரு மாற்றம் மட்டும் முன்னோக்கியதா பின்னோக்கியதா என்று சொல்வது கடினம். குஸ்லே ஆண்களின் கருவி, பெண்கள் அதைத் தொடுவது முறையன்று என்ற எண்ணம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அண்மைக்காலத்தில் இளம் பெண்கள் குஸ்லேயுடன் அரங்குகளிலும் தொலைக்காட்சித் திறன்போட்டிகளிலும் தோன்றத் தொடங்கியபோது, அதைப் புதுமை என்று சிலர் வரவேற்றார்கள், மரபுமீறல் என்று சிலர் முகம் சுளித்தார்கள். லாசரிடம் வந்த வல்லூறின் பாட்டை, அந்த மரபின் உச்சியில் வைத்துப் போற்றப்படும் பாட்டை, அச்சுக்குத் தந்தவர் க்ர்குரெவ்த்ஸியின் பார்வையற்ற பெண் என்பதை இரு தரப்பாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.